வி.டி. ஸ்டேஷனைக் கட்டியவர் எங்கே தூங்குகிறார்? ஆறாவது ஸ்டேஷனில் இருக்கும் கல்லறை!

மரக்காணம்:-

மரக்காணம் உப்பளக் கரைக்கும் மும்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "அங்கேயும் உப்புதான், இங்கேயும் உப்புதான்" என்று சொல்லலாம். மும்பையிலும் வடாலா, பாண்டுப், முலுண்ட் பக்கம் உப்பளங்கள் உண்டு. கழுவெளியில் வந்து இறங்குகிற பூநாரை மாதிரியே, சிவ்ரி என்ற இடத்தில் கடலோரச் சேற்றில் கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள் வந்து நிற்கும். அதைப் பார்க்கவே ஜனம் திரளும். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது கடல் பாலம் கிளம்புவதும் இதே சிவ்ரியில் இருந்துதான்.

அந்தச் சிவ்ரியில் ஒரு பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பிழைப்பு தேடி மும்பைக்குப் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து இறங்கிய வி.டி. ஸ்டேஷனைக் கட்டிய வெள்ளைக்காரர் அங்கேதான் மண்ணுக்குள் இருக்கிறார்.

சினிமாவில் மும்பை என்றாலே முதலில் காட்டுவது அந்த ஸ்டேஷனைத்தான். 2008 நவம்பர் 26-ந்தேதி இரவு பயங்கரவாதிகள் சுட்டு 50-க்கும் மேற்பட்டவர்கள் பலியானதும் அங்கேதான். தினமும் லட்சக்கணக்கான பேர் ஏறி இறங்குகிறார்கள். ஆனால் கட்டியவர் பேர் என்னவென்று கேட்டால் ஆயிரத்தில் ஒருவர் சொல்வதே அபூர்வம்.

அவர் பெயர் பிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ்.

யார் இந்த ஸ்டீவன்ஸ்?

இங்கிலாந்தில் பாத் என்ற ஊர். அங்கே 1847-ம் ஆண்டு நவம்பர் மாதம் பிறந்தவர் ஸ்டீவன்ஸ். அந்தக் காலத்தில் கட்டிடம் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு பெரிய ஆளிடம் போய்ச் சேர்ந்து, கூடவே இருந்து தொழில் பழக வேண்டும். நம்ம ஊரில் மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேர்ந்து கரண்டி பிடிக்கப் பழகுகிற மாதிரிதான். ஸ்டீவன்ஸ் தனது ஊரின் கட்டிடக் கலைஞரான சார்லஸ் டேவிசிடம் 1862-ல் சேர்ந்தார். அப்போது அவருக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை.

ஐந்து வருடம் கழித்து, இந்தியாவில் பொதுப்பணித்துறை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து பரீட்சை எழுதினார். பாஸ் ஆனார். 1867-ல் கப்பல் ஏறி வந்துவிட்டார். முதலில் புனேயில் வேலை. அடுத்த வருடமே பம்பாய்க்கு மாற்றிவிட்டார்கள்.

வந்த நேரம் நல்ல நேரம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து இங்கிலாந்து மில்களுக்குப் போக வேண்டிய பஞ்சு நின்றுபோனது. உடனே இந்தியப் பஞ்சுக்குக் கிராக்கி. பம்பாய் வியாபாரிகள் கையில் பணம் கொட்டியது. பழைய கோட்டை மதிலை இடித்துத் தள்ளி, ஊரை விரித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகம், கோர்ட்டு, மார்க்கெட் என்று வரிசையாகக் கட்டிடங்கள். வேலை தெரிந்த ஆட்கள் எத்தனை பேர் வந்தாலும் போதவில்லை. அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் ஸ்டீவன்ஸ்.

முதலில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மாலுமிகள் தங்குவதற்கான ராயல் ஆல்பிரட் இல்லம். 1870-களில் கட்டியது. இன்று அதுதான் மராட்டிய மாநிலப் போலீஸ் தலைமை அலுவலகம்.

வி.டி. பிறந்த கதை

இந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் 1853-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந்தேதி ஓடியது. போரிபந்தர் என்ற இடத்தில் கிளம்பி தானேவுக்குப் போனது. 34 கிலோ மீட்டர் தூரம். அந்தப் போரிபந்தரில் இருந்தது சின்ன ஸ்டேஷன். வியாபாரம் பெருக, கூட்டம் பெருக, ரெயில்வே கம்பெனிக்குப் பெரிய இடம் தேவைப்பட்டது.

அரசாங்கத்தில் வேலை பார்த்த ஸ்டீவன்சை ரெயில்வே கம்பெனி 1877-ல் இரவலாகக் கேட்டு வாங்கியது. அப்போது அவருக்கு வயது 30. ஐரோப்பாவுக்குப் போய், அங்குள்ள பெரிய ஸ்டேஷன்களைச் சுமார் 10 மாதம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பிளான் போட்டார். 1878-ல் வேலை தொடங்கியது.

அதே சமயம் நம்ம பக்கம் என்ன நடந்தது தெரியுமா? தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை ஜனங்கள் சோறில்லாமல் செத்தார்கள். பஞ்ச நிவாரணக் கூலி வேலையாகத்தான் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயை வெட்டினார்கள். மரக்காணத்தில் வந்து முடிகிற நம்ம பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதிதான் அது. இங்கே கஞ்சிக்காகக் கால்வாய் வெட்டிய காலத்தில், அங்கே வி.டி.க்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

பத்து வருட வேலை. சுமார் 16 லட்சம் ரூபாய் செலவு. அன்றைய பணத்துக்கு மலைக்க வைக்கிற தொகை. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 50 வருடம் ஆனதைக் கொண்டாடிய 1887-ம் ஆண்டில் அவர் பேரையே ஸ்டேஷனுக்கு வைத்தார்கள். விக்டோரியா டெர்மினஸ். சுருக்கமாக வி.டி. கட்டிட வேலை அடுத்த வருடம் முடிந்தது.

சென்ட்ரிங் போடாத கோபுரம்

கட்டிட வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கதி. ஸ்டேஷன் நடுவே தலைக்கு மேல் தெரிகிற பெரிய கல் குவிமாடத்தைச் சென்ட்ரிங் அடிக்காமல் கட்டியிருக்கிறார்கள். வழக்கமாக வளைவு கட்டும்போது கீழே மரத்தால் முட்டுக் கொடுத்து, அதன் மேல் கல்லை அடுக்கி, காய்ந்த பிறகு முட்டை எடுப்பார்கள். இங்கே கல்லோடு கல் கோர்த்துக்கொள்கிற மாதிரி இணைப்பு செய்து, கல்லே கல்லைத் தாங்கும்படி மேலே ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய சாதனை.

உச்சியில் ஒரு பெண் சிலை நிற்கும். வலது கையில் தீப்பந்தம், இடது கையில் சக்கரம். முன்னேற்றத்தின் அடையாளமாம். வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் புலி. சிங்கம் இங்கிலாந்துக்கு, புலி இந்தியாவுக்கு.

இத்தனையும் ஸ்டீவன்ஸ் ஒருவர் கையால் ஆகிவிடவில்லை. அவருக்கு உதவியாக நின்று வேலை வாங்கியவர்கள் சீதாராம் காண்டேராவ், ஜனார்த்தன் என்ற நம்ம நாட்டு என்ஜினீயர்கள். சுவரில் இருக்கிற மயில், குரங்கு, இலை, கொடி வேலைப்பாடுகளில் பெரும்பங்கு பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களுடையது. கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்த கூலிக்காரர்கள் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சென்னை ஆளைத் தோற்கடித்தார்

ஸ்டீவன்ஸ் பேர் பரவியதும் அரசு வேலையை விட்டுவிட்டு சொந்தமாக ஆபீஸ் போட்டார். வி.டி.க்கு எதிரிலேயே பம்பாய் மாநகராட்சிக் கட்டிடம் கட்ட வேண்டி வந்தது. இதில் நம்ம சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

சென்னை மெரினா எதிரில் மாநிலக் கல்லூரியையும், செனட் ஹவுசையும் வடிவமைத்த ராபர்ட் சிஷோம் என்பவரும் அந்த வேலைக்குப் பிளான் கொடுத்திருந்தார். சிஷோம் கொடுத்தது நம்ம நாட்டு முகலாயர் பாணி கலந்த பிளான். ஸ்டீவன்ஸ் கொடுத்தது வி.டி. மாதிரியே கூர் வளைவு வைத்த ஐரோப்பியப் பாணி. கடைசியில் வேலை ஸ்டீவன்சுக்குத்தான் கிடைத்தது.

1893-ல் கட்டி முடித்தார். செலவு சுமார் 11 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய். அனுமதித்த தொகைக்கு உள்ளேயே முடித்துக் கொடுத்தார்! எஸ்டிமேட்டைத் தாண்டாத கட்டிடத்தை இன்றைக்கு விளக்குப் பிடித்துத் தேட வேண்டும்.

அடுத்து சர்ச்கேட் ஸ்டேஷன் எதிரில் இன்னொரு ரெயில்வே கம்பெனிக்கு அலுவலகம். 1899-ல் முடிந்தது. இப்போது மேற்கு ரெயில்வேயின் தலைமை அலுவலகம் அதுதான். ஆக, மும்பையின் இரண்டு ரெயில்வே தலைமையகங்களும் ஒரே ஆள் போட்ட பிளான்.

கொசுக்கடியில் போன உயிர்

அந்த வேலை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. 1900-ம் ஆண்டு மார்ச் 5-ந்தேதி ஸ்டீவன்ஸ் பம்பாயிலேயே இறந்துபோனார். காரணம் மலேரியா காய்ச்சல். வயது 52.

அப்போது பம்பாய்க்கு ரொம்பக் கெட்ட காலம். 1896-ல் தொடங்கிய பிளேக் நோய் ஊரையே காலி செய்துகொண்டிருந்தது. பிளேக்கில் தப்பியவரை மலேரியா கொண்டுபோனது.

மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதற்கான முக்கியமான ஆதாரத்தை ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்டு 20-ல்தான். ஸ்டீவன்ஸ் சாவதற்கு மூன்று வருடம்கூட முன்னால் இல்லை. தண்ணீர் தேங்க விடக்கூடாது, கொசுவை ஒழிக்க வேண்டும் என்ற விழிப்பு ஊருக்குள் வருவதற்குள் அவர் கதை முடிந்துவிட்டது.

சென்னையில் கட்டிய சிஷோம் ஊர் திரும்பி, 1915-ல் இங்கிலாந்தில் கண் மூடினார். ஸ்டீவன்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 20 வயதில் கப்பல் ஏறி வந்தவர், உழைத்த மண்ணிலேயே புதைந்தார்.

சிவ்ரி தோட்டம் எப்படி வந்தது?

பம்பாய் முனிசிபல் கமிஷனராக இருந்த ஆர்தர் கிராபோர்டு ஏற்படுத்தியது சிவ்ரி கல்லறைத் தோட்டம். வி.டி. பக்கத்தில் இருக்கிற கிராபோர்டு மார்க்கெட்டும் அவர் பேரில் வந்ததுதான். ஊருக்குள் இருந்த பழைய இடுகாடுகள் நிரம்பிப்போனதால், ஊருக்கு வெளியே தள்ளி, விவசாயத் தோட்டக்கலைச் சங்கத்தின் பூந்தோட்டமாக இருந்த நிலத்தை 1865-ல் வாங்கினார். முதலில் வெள்ளைக்காரர்களுக்கு என்றே இருந்தது. இன்று மும்பையின் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு.

அதே தோட்டத்தில் இன்னொரு பெரிய ஆளும் இருக்கிறார். ஜார்ஜ் விட்டெட். மும்பைக் கடற்கரையில் நிற்கும் கேட்வே ஆப் இந்தியாவை வடிவமைத்தவர். ஸ்காட்லாந்துக்காரர். 1904-ல் இந்தியா வந்தார். கேட்வே 1924 டிசம்பரில் திறக்கப்பட்டது. இரண்டே வருடத்தில், 1926-ல், வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு பம்பாயிலேயே இறந்தார். 50 வயதைக்கூடத் தொடவில்லை.

கப்பலில் வருகிறவனுக்கு வாசல் கட்டியவர் ஒருவர். ரெயிலில் வருகிறவனுக்கு வாசல் கட்டியவர் ஒருவர். இரண்டு பேரையும் நோய்தான் கொண்டுபோனது. இரண்டு பேருமே சிவ்ரி மண்ணில்தான் இருக்கிறார்கள்.

குடும்பக் கல்லறை என்றால் என்ன?

கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் பொதுவாக இரண்டு வகை உண்டு. பணம் கட்டி நிரந்தரமாக வாங்குவது ஒன்று. அது குடும்பத்துக்குச் சொந்தம். அப்பா, அம்மா, பிள்ளை என்று அடுத்தடுத்துப் போகிறவர்களை, குறிப்பிட்ட வருடங்கள் கழித்து அதே குழியைத் திறந்து அடக்கம் செய்வார்கள். கல்லில் பேர் கூடிக்கொண்டே போகும். இன்னொன்று பொதுக் குழி. சில காலம் கழித்து எலும்பை எடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்திலும் இதே இட நெருக்கடி. புதுசாகக் குழி தோண்ட இடமில்லாமல் குடும்பக் கல்லறையையே மறுபடி திறப்பது அங்கே சகஜம். சென்னைக்கே இந்த நிலைமை என்றால் மும்பை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குடும்பக் கல்லறைக்கு ஆயுசு என்பது குடும்பம் வந்து போகிற வரைக்கும்தான். கல்லறைத் திருநாள் அன்று வந்து புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்ற ஆள் வேண்டும். வெள்ளைக்காரக் குடும்பங்கள் 1947-க்குப் பிறகு பெரும்பாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன. இந்தியா முழுக்க அவர்களுடைய கல்லறைகள் ஆயிரக்கணக்கில் அனாதையாக நிற்கின்றன. கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. எழுத்து பொரிந்து உதிர்ந்துவிடும். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு உப்புக் காற்று இரும்பையும் கல்லையும் என்ன பாடு படுத்தும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த மாதிரிக் கல்லறைகளைக் கணக்கெடுத்து, எழுத்துகளைப் படி எடுத்து வைக்க 1976-ல் லண்டனில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம் என்பது அதன் பேர். பழுதுபார்க்கப் பண உதவியும் செய்கிறார்கள். இருந்தாலும் நாடு முழுக்க இருக்கும் எண்ணிக்கைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

மகன் விட்டுக்கொடுக்கவில்லை

ஸ்டீவன்ஸ் போன பிறகு அவர் தொழிலைக் கையில் எடுத்தவர் மகன் சார்லஸ் பிரடெரிக் ஸ்டீவன்ஸ். அப்பாவின் ஆபீசை மூடாமல் நடத்தினார். மும்பை கொலாபாவில் 1933-ல் திறந்த ரீகல் சினிமா தியேட்டர் இவர் வடிவமைத்ததுதான். கார்களை நிறுத்த அந்தக் காலத்திலேயே தரைக்கு அடியில் இடம் ஒதுக்கி இருந்தார்கள்.

அப்பா கட்டியது ரெயில் நின்று போகும் இடம். மகன் கட்டியது படம் பார்க்கும் இடம். இரண்டுமே சாதாரண ஜனம் போய் வருகிற இடங்கள்.

பேர் மாறியது, கட்டிடம் மாறவில்லை

விக்டோரியா டெர்மினஸ் என்ற பேரை 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் என்று மாற்றினார்கள். 2017-ல் மகாராஜ் என்ற சொல்லும் சேர்ந்தது. இப்போது சி.எஸ்.எம்.டி. ஆனாலும் பழைய ஆட்கள் வாயில் இன்றைக்கும் வி.டி.தான். 2004-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலகம் முழுக்க ஆட்கள் வந்து படம் பிடித்துப் போகிறார்கள்.

கட்டிடத்துக்கு இவ்வளவு மரியாதை இருந்தும், கட்டியவர் கிடக்கிற இடம் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு ஜனங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் 1911-ல் இங்கிலாந்தில் இறந்தார். அவர் கல்லறை அங்கே பிரிம்லி என்ற ஊர் சர்ச்சில் இருக்கிறது. 1895-ல் தண்ணீர் திறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் தேனி, கம்பம் பக்கம் அவர் பிறந்தநாளான ஜனவரி 15-ல் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பேரை வைக்கிறார்கள். தமிழர்கள் தேடிப் போய் அந்தக் கல்லறைக்கு மாலை போடுகிறார்கள். 2022-ல் அங்கே கேம்பர்லி என்ற ஊரில் தமிழக அரசு சார்பில் சிலையே வைத்தாயிற்று. சொந்தக்காரர்கள் வரவில்லை என்றாலும், தண்ணீர் குடித்தவர்கள் போய் நிற்கிறார்கள்.

ரெயில் ஏறி இறங்குகிறவனுக்கு அப்படி நின்று யோசிக்க நேரம் இருப்பதில்லை. அவன் அவசரம் அவனுக்கு.

எப்படிப் போவது?

சிவ்ரிக்குப் போக வழி ரொம்ப சுலபம். சி.எஸ்.எம்.டி.யில் ஹார்பர் லைன் லோக்கல் ரெயில் ஏற வேண்டும். மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, டாக்யார்டு ரோடு, ரே ரோடு, காட்டன் கிரீன். அதற்கு அடுத்தது, ஆறாவது ஸ்டேஷன், சிவ்ரி. ஸ்டேஷனுக்குக் கிழக்கே போனால் பூநாரை வருகிற சேற்றுக் கரை. மேற்கே போனால் கல்லறைத் தோட்டம்.

ஸ்டீவன்ஸ் செத்தபோது வி.டி.யில் இருந்து சிவ்ரிக்கு இந்த லைனில் ரெயில் கிடையாது. 1925 பிப்ரவரி 3-ந்தேதிதான் வி.டி.க்கும் குர்லாவுக்கும் இடையே இந்த வழியாக நாட்டின் முதல் மின்சார ரெயில் ஓடியது. அவர் கட்டிய ஸ்டேஷனில் இருந்து கிளம்பி, அவர் தூங்குகிற ஊர் வழியாக அது போனது. இன்றைக்கும் அதே பாதையில்தான் ஹார்பர் லைன் ரெயில் போகிறது. உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். அதில் வேலைக்குப் போகிற தமிழர்களும் இருக்கிறார்கள்.

மும்பைக்குப் போகிற நம்ம ஊர்க்காரர்கள், அரை நாள் லீவு கிடைத்தால் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.